115 கிலோ விமானமும் ஒரு கோடு போட்ட நோட்டும்

தக்காளி விலையைப் பத்தி எழுதச் சொல்லி சில பேர் கேட்டிருந்தீங்க. நாத்து இப்பத்தான் வேர் பிடிச்சிருக்கு. விலையைப் பேச இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, அப்ப புலம்பறேன். இன்னைக்கு வேற விஷயம். எங்க குடும்பத்தில் கொஞ்ச நாளா ஒரு சண்டை ஓடுது. பாகப்பிரிவினை இல்லை, வரப்புத் தகராறு இல்லை. விமானம்.

என் அக்கா மகன் விமானம் செய்கிறான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் டூல் ரூமில் இருக்கிறான். வேலை சுத்தம், லேத்தில் அவன் எடுக்கிற அளவு பிசகாது. ஒரு வருஷமா சனி ஞாயிறுகளில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அலுமினியக் குழாய்களை அடுக்கி என்னமோ செய்துகொண்டிருந்தான். பாகற்காய்க்குப் பந்தல் போடறான்னு அக்கா நினைச்சிருக்காங்க. அந்தப் பந்தலுக்கு ஒரு சீட்டும் மூணு சக்கரமும் வந்தப்பதான் சங்கதி தெரிஞ்சது. நேரா என் வீட்டுக்கு வந்துட்டாங்க.

"சின்ன வயசில அவனுக்கு அந்த ப்ளேன் கதையெல்லாம் சொன்னது நீதானேடா. இப்ப நீயே வந்து நிறுத்து."

அன்னைக்கு ராத்திரியே அவன் போன் பண்ணினான். "மாமா, ஒரு தடவை வந்து பாருங்க. நீங்க சொன்னா கேக்கறேன்."

பத்தாம் கிளாஸ் படித்த கேழ்வரகு விவசாயிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்னு புதுசா வந்தவங்க கேப்பீங்க. எங்க ஊர்ப் பக்கம் மழை ரெண்டு வருஷம் பொய்த்தா ஆம்பிளைங்க பெங்களூர் பஸ் ஏறுவது வழக்கம். கட்டட வேலை, பேக்கரி, கார்மென்ட்ஸ், யாருக்கு எது கிடைக்குதோ அது. எனக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே சின்ன விமானங்களைப் பூட்டிக் கொடுக்கிற, பழுது பார்க்கிற ஒரு பட்டறை. 1994-லிருந்து 2001 வரைக்கும் அங்கே ஹெல்பர். கூட்டுகிற வேலையில் ஆரம்பித்து, கடைசி மூணு வருஷம் இன்ஜினைத் தனியாகப் பிரித்துக் கோர்க்கிற அளவுக்கு விட்டார்கள். அப்பா கீழே விழுந்து இடுப்பு உடைந்ததும் நிலத்துக்குத் திரும்பிவிட்டேன்.

சின்ன விமானம்னா ஏர்போர்ட்டில் நீங்க பார்க்கிற சின்னது இல்லை. அல்ட்ராலைட், மைக்ரோலைட்னு சொல்வாங்க. அலுமினியக் குழாயில் கூடு, அதுக்கு மேல் பாய்மரத் துணி, நாலு கம்பி, ஒரு மோட்டார். அமெரிக்காவில் 1982-ல் இதுக்குன்னு தனிச் சட்டமே போட்டாங்க. ஒரே ஆள், இறக்கை இன்ஜின் எல்லாம் சேர்த்து 254 பவுண்டுக்குள் வெறும் எடை, பெட்ரோல் 5 கேலன், வேகம் 55 நாட்டுக்குள். இந்தக் கணக்குக்குள் அடங்கினா லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். பகலில், ஊருக்கு மேலே பறக்காம இருந்தா போதும். நம்ம கணக்கில் 254 பவுண்டுன்னா 115 கிலோ. இரண்டரை மூட்டை யூரியா. அதை ஒரு ஆள் எடுத்துக்கிட்டு ஆகாயத்தில் போறான்னு நினைச்சுப் பாருங்க.

இந்தியாவில் அப்படி இல்லை. டி.ஜி.சி.ஏ.விடம் பதிவு வேண்டும், பறக்க அனுமதி வேண்டும், ஓட்டறவனுக்கு லைசென்ஸ் வேண்டும். யூடியூபில் அமெரிக்காக்காரன் தன் வீட்டு ஷெட்டில் செய்து தன் புல்வெளியில் பறக்கிறதைப் பார்த்துட்டு நம்ம பையன்கள் இங்கேயும் அப்படித்தான்னு நினைச்சுக்கறாங்க. எங்க ஊருக்கு ஒரு பக்கம் ஓசூர் விமானத்திடல், இன்னொரு பக்கம் பெங்களூர். தலைக்கு மேல ஒண்ணும் தெரியலைங்கறதால வானம் புறம்போக்கு ஆயிடாது.

சரி, பட்டறைக்கு வர்றேன்.

எங்களுக்கு மேஸ்திரி ஒருத்தர் இருந்தார். மலையாளி, ஏர்ஃபோர்ஸில் டெக்னீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவர். சார்ஜென்ட்னுதான் கூப்பிடுவோம். முதல் நாள் என்னிடம் ஸ்பானர் தரவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டைத் தந்தார். "நீ இன்னைக்கு என்ன பார்த்தியோ அதை எழுது"ன்னார். நான் என்னத்தைப் பார்த்தேன், தரையைக் கூட்டினேன். அதையே எழுதினேன். கூட்டும்போது கிடைத்த ரெண்டு வாஷரையும் எழுதினேன். அதுக்கப்புறம்தான் அவர் என்னிடம் ஒழுங்காகப் பேசவே ஆரம்பித்தார். அந்த ரெண்டு வாஷர் எந்த விமானத்திலிருந்து விழுந்ததுன்னு கண்டுபிடிக்க அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் தேடினாங்க.

இந்த வகை விமானத்தில் வாங்கினவன்தான் பெரும்பாலும் மெக்கானிக். பல பேர் பெட்டியில் வந்த பாகங்களை வைத்துத் தானே பூட்டினவங்க. அமெரிக்காவில் வீட்டிலேயே விமானம் செய்யறவங்களுக்குன்னு 1953-லிருந்து ஈ.ஏ.ஏ.ன்னு ஒரு சங்கமே இருக்கு, ஆஷ்காஷ் என்கிற ஊரில் வருஷா வருஷம் திருவிழா மாதிரி கூடுவாங்க. அல்ட்ராலைட்டைவிடப் பெரிய வீட்டு விமானங்களுக்கு அங்கே வேறொரு விதி. பாதிக்கு மேல் வேலையைச் செய்தவனே வருஷாந்திரப் பரிசோதனையையும் செய்யச் சான்றிதழ் வாங்கிக்கலாம். ஆனா செய்து முடிச்சதும் ஆள் ஏற்றிக்கொண்டு ஊர் சுத்த முடியாது. முதலில் 25 மணி நேரமோ 40 மணி நேரமோ ஒதுக்கின இடத்துக்குள்ளேயே பறந்து காட்டணும். அவ்வளவு பறந்தா, உள்ளே இருக்கிற கோளாறு பெரும்பாலும் வெளியே வந்திடும்னு கணக்கு.

அப்ப எங்க பட்டறையில் அதிகம் பார்த்தது ஆஸ்திரியா நாட்டு ரோட்டாக்ஸ் இன்ஜின். 503-ன்னு ஒரு மாடல். ரெண்டு சிலிண்டர், காற்றிலேயே குளிரும், ஏறக்குறைய 50 குதிரைசக்தி. 582 தண்ணீரில் குளிர்வது, இன்னும் கொஞ்சம் பெரிசு. ரெண்டுமே டூ ஸ்ட்ரோக். உங்க அப்பா ஓட்டின பழைய ஸ்கூட்டர், நான் தோளில் மாட்டுகிற பவர் ஸ்ப்ரேயர், எல்லாம் அதே ஜாதிதான். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊத்தணும், 50-க்கு 1. ஒரு லிட்டருக்கு 20 மில்லி. அந்த ஆயில்தான் உள்ளே பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயிர். தனியாக ஆயில் சட்டி கிடையாது.

இன்ஜின் செய்தவனே புத்தகத்தில் முதல் பக்கங்களிலேயே எச்சரிச்சிருப்பான், இது எந்த நேரமும் திடீர்னு நிற்கக்கூடிய இன்ஜின், நின்னா பத்திரமா இறங்க முடியாத இடத்துக்கு மேலே பறக்காதேன்னு. இதைச் சார்ஜென்ட் வாசித்துக் காட்டினப்ப எனக்குச் சிரிப்பு வந்தது. விற்கிறவனே இப்படிச் சொல்றானேன்னு. இப்ப பூச்சிமருந்து பாட்டிலில் இருக்கிற எழுத்தைப் படிக்கிறப்ப அந்த ஆஸ்திரியாக்காரன் எவ்வளவோ யோக்கியன்னு தோணுது.

டூ ஸ்ட்ரோக் ஏன் திடீர்னு நிக்குது? பாதிக்கு மேல் ஒரே காரணத்தைச் சுத்திதான் வரும். பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாவது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் சாக்கெட் இருக்கும். வெயிலிலும் அதிர்விலும் அதில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு வரும். அந்த வழியா காற்று உள்ளே போகும். கேட்கிறவனுக்கு இன்ஜின் முன்னைவிட நல்லா ஓடற மாதிரியே இருக்கும், சத்தம் கணீர்னு இருக்கும். உள்ளே சூடு ஏறிக்கிட்டே போய் பிஸ்டன் உப்பி சிலிண்டரைக் கவ்விக்கும். அவ்வளவுதான். அதனால்தான் புகைபோக்கியில் சூடு காட்டுகிற மீட்டர் வைக்கிறாங்க. 650 டிகிரிக்கு மேல் முள் போச்சுன்னா கையைப் பின்னால் இழுக்கணும்.

மீட்டர் இல்லாத எனக்கு என் ஸ்ப்ரேயரில் பிளக்தான் மீட்டர். கழற்றிப் பார்த்தா பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கணும். வெளுத்துப் போயிருந்தா காற்று அதிகம், நிறுத்து. கரியும் ஈரமுமா இருந்தா ஆயிலோ பெட்ரோலோ அதிகம், பொறுத்துக்கலாம். அந்த 503-ல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு பிளக், ரெண்டு தனித்தனி இக்னிஷன். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு ஓடும். 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை பிளக்கை மாத்திடுவோம், நல்லா இருந்தாலும். எனக்கு மனசு வராது. கழற்றினதைச் சேர்த்து வெச்சு ஊருக்கு வரும்போது கொண்டு வருவேன், ஊரில் பாதி டூ ஸ்ட்ரோக் வண்டி அதில்தான் ஓடிச்சு.

நட்டு போல்ட்டைச் சொல்லாம விடக்கூடாது. ஹார்டுவேர் கடையில் எடைக்கு வாங்கற போல்ட்டும் விமான போல்ட்டும் பார்க்க ஒண்ணுதான். தலையில் உள்ள அடையாளத்தை வைத்துத்தான் தெரியும். அது ஒடியறதுக்கு முன்னாடி வளையும். வளைஞ்சிருந்தா கண்ணுக்குத் தெரியும், மாத்திடலாம். சும்மா இறுக்கமா மட்டும் இருக்கிற போல்ட்டு ஒண்ணும் காட்டாது, ஒரு நாள் டப்புனு போகும். நட்டுக்குள்ளே நைலான் வளையம் இருக்கிற வகை ஒண்ணு உண்டு, ஒரு தடவை கழற்றினா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு. இன்ஜின் சூடு படற இடத்தில் அந்த நட்டே கூடாது, நைலான் உருகும். அங்கே ஓட்டை போட்ட போல்ட்டு, அதுக்குள்ளே துருப்பிடிக்காத கம்பியைக் கோர்த்து முறுக்கிக் கட்டணும். முறுக்கும் திசை போல்ட்டை இறுக்குகிற பக்கமாகவே இழுக்கணும். நான் கட்டின முதல் நூறு முறுக்கையும் சார்ஜென்ட் வெட்டிப் போட்டிருப்பார். இறுக்கி முடிச்ச நட்டு மேல் ஒரு சொட்டுப் பெயின்ட்டால் கோடு. அடுத்த தடவை பார்க்கும்போது கோடு உடைஞ்சிருந்தா நட்டு திரும்பியிருக்குன்னு அர்த்தம். இந்தக் கோடு இன்னைக்கும் என் கிணற்று மோட்டாரில் உண்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அது ஏதோ திருஷ்டிப் பொட்டுன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தார்.

துணிக்கு எதிரி வெயில். நிழல்வலை கட்டினவங்களுக்குத் தெரியும், மூணாவது வருஷம் பார்க்க நல்லாத்தான் இருக்கும், பிடிச்சு இழுத்தா கையோட வரும். இறக்கைத் துணியும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு தடவை அதில் ஊசியைக் குத்தி ஸ்பிரிங் தராசு மாதிரி ஒரு கருவியால் இழுத்துப் பார்ப்போம். இவ்வளவு இழுப்பு தாங்கணும்னு கணக்கு இருக்கு. தாங்கலைன்னா துணி முழுசும் மாத்தணும். ஒரு முதலாளி, "புதுசு மாதிரி பளபளன்னு இருக்கேப்பா"ன்னு அழாத குறையா நின்னார். சார்ஜென்ட் பதிலே சொல்லாம ஊசி போட்ட ஓட்டை கிழிஞ்சு நீண்டிருக்கிறதை விரலால் காட்டினார்.

மரப் ப்ரொபெல்லர் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏன்னா அது மட்டும்தான் எங்க ஊர் சாமான் மாதிரி இருந்தது. கோடையில் மரம் வத்தும், போல்ட்டு லூஸ் ஆகும். மழைக்காலத்தில் ஊறி உப்பும், அதே போல்ட்டு மரத்தை நசுக்கும். பருவம் மாறினா இறுக்கத்தை அளந்து சரிபண்ணணும். மாட்டு வண்டிச் சக்கரத்தை வெயில் காலத்தில் ஏரித் தண்ணியில் ஊறப்போட்டு இரும்புப் பட்டாவை இறுக வைக்கிறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதைச் சொன்னதும் சார்ஜென்ட் மத்தவங்களைக் கூப்பிட்டு என்னைத் திரும்பச் சொல்ல வைத்தார். அந்தப் பட்டறையில் எனக்கு முதல் தடவையா மரியாதை கிடைத்தது அன்னைக்குத்தான்.

பட்டறையை மூடிப் போட்டு வெச்சாலும் வேலை இருக்கும். வேகம் காட்டும் மீட்டருக்கு முன்பக்கம் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டு நாள் மூடாம விட்டா குளவி வந்து மண்ணை வெச்சு அடைச்சிடும், மீட்டர் பொய் சொல்லும். சொட்டுநீர்க் குழாயில் எனக்கு அந்தக் குளவியோடு இன்னும் சண்டைதான். எலி இன்னும் மோசம். இறக்கைக்குள்ளே கூடு கட்டி, மூத்திரம் பட்டு அலுமினியமே அரிச்சுப் போகும்.

இனிமே சாமான் மாட்டற கதை. விமானம் வாங்கினவங்களுக்கு ஆறு மாசத்தில் ஆசை வரும். ரேடியோ வை, பெரிய சக்கரம் போடு, முன்னால் கண்ணாடி வை, கையால் இழுக்க முடியலை, செல்ஃப் ஸ்டார்ட் மாட்டு. செல்ஃப் ஸ்டார்ட்னா கூடவே பேட்டரி. ஒவ்வொண்ணும் மூணு கிலோ, நாலு கிலோன்னுதான் இருக்கும். மொத்தமே 115, 150 கிலோ இருக்கிற வண்டியில் இருபது கிலோ ஏறினா என்ன ஆகும்? எடை கூட இரண்டாம் பட்சம். அந்த எடை எங்கே உட்காருதுங்கறதுதான் விஷயம். வால் பக்கம் கனம் கூடினா மூக்கைத் தூக்கும், தூக்கினா வேகம் குறையும், ஒரு அளவுக்குக் கீழே இறக்கை தாங்காது. அதனால எது புதுசா மாட்டினாலும் மூணு சக்கரத்துக்கு அடியிலும் மூணு தராசு வெச்சு எடை போட்டு, கணக்கு எழுதி, கையெழுத்துப் போட்டாத்தான் வெளியே போகும்.

அங்கே நான் பார்த்த கருவிகளிலேயே சிறந்தது எதுன்னு கேட்டா ஒரு கம்பளி நூல்னு சொல்வேன். ஓட்டறவன் கண்ணுக்கு முன்னால் ஒரு முழ நூலைக் கட்டி விட்டுடுவாங்க. நேராப் பறந்தா நூல் நேரா இருக்கும். பக்கவாட்டில் சறுக்கினா நூல் சாயும். பேட்டரி வேண்டாம், எடை கிடையாது, பழுதாகாது.

வாங்கியே ஆகவேண்டிய கனமான சாமான் ஒண்ணு இருக்கு. பாராசூட். ஆளுக்கு இல்லை, மொத்த விமானத்துக்கும். கைப்பிடியை இழுத்தா ஒரு சின்ன ராக்கெட் பாராசூட்டை வெளியே இழுத்துட்டுப் போகும், விமானத்தோடு சேர்ந்து இறங்கலாம். அமெரிக்காவில் போரிஸ் போபோவ் என்கிறவர் ஹேங் கிளைடரிலிருந்து ஏரியில் விழுந்து பிழைத்தவர், அவர் 1980-ல் ஆரம்பித்த கம்பெனிதான் இதைப் பரவலாக்கியது. 115 கிலோ கணக்கில் இந்தப் பாராசூட்டின் எடையைச் சேர்க்க வேண்டாம்னு சட்டத்திலேயே விலக்கு உண்டு. சட்டம் எழுதினவன் விவரமானவன், எடைக்குப் பயந்து எவனும் இதை விட்டுடக் கூடாதுன்னு நினைச்சிருக்கான். ஆனா தென்னை மர உயரத்தில் இன்ஜின் நின்னா இது விரியறதுக்கே நேரம் இருக்காது.

இவ்வளவும் தெரிஞ்சுதான் அக்கா வீட்டுக்குப் போனேன்.

பையன் வேலை அழகாத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். குழாய் வெட்டுக்கள் பிசிறில்லாம இருந்தன. ஓட்டை போட்ட இடமெல்லாம் உள்ளே புஷ் வெச்சிருந்தான். இன்ஜினைப் பார்த்தேன். பழைய ராஜ்தூத் 350. ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 30 குதிரைசக்தி கிட்ட. இப்ப அந்த வண்டிக்குப் பெரிய விலை, இவன் எங்கேயோ பழைய இரும்புக் கடையில் பிடிச்சிருக்கான். ஒரு ஆளைத் தூக்க அந்த சக்தி போதும்தான். ஆனா ரோட்டில் ஓடற வண்டி முழு ஆக்ஸிலேட்டரில் எவ்வளவு நேரம் ஓடும்? ஓவர்டேக் பண்ணும்போது பத்து விநாடி. விமானத்தில் ஏறும்போது முழுசு, ஏறினதுக்கப்புறமும் முக்கால் பங்கு, இறங்கற வரைக்கும். அந்தச் சூட்டை அந்த சிலிண்டர் பார்த்ததே இல்லை. சிலிண்டருக்கு ஒரே பிளக். அப்புறம் கியர்பாக்ஸில் செயின் பல்சக்கரத்துக்காகச் செய்த தண்டு, அதில் ப்ரொபெல்லரை மாட்டினா முன்னால் இழுக்கிற இழுப்பையும் அது தாங்கணும். அதுக்காக அது செய்யப்படலை.

"எங்கே ஓட்டறதா இருக்கே?"ன்னேன்.

"ஏரி காய்ஞ்சிருக்கு மாமா. தரை கெட்டியா இருக்கு. சும்மா ஒரு ஆள் உயரம் எழுப்பி இறக்கிடுவேன். டாக்ஸி மாதிரிதான்."

அந்த ஏரிக்கு மறுகரையில் மூணு ஃபேஸ் லைன் போகுது. அவனுக்கும் தெரியும். ஒரு ஆள் உயரத்தில் திருப்தி ஆகி இறங்கினவன் எவனையும் நான் பார்த்ததில்லை, அதை மட்டும் சொன்னேன்.

கேரளாவில் தொடுபுழா பக்கத்துக்காரர் சஜி தாமஸ்னு ஒருத்தரைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. காது கேளாது, வாய் பேச வராது. வீட்டிலேயே அல்ட்ராலைட் செய்தவர். அவர் கதையை வெச்சு 2017-ல் பிருத்விராஜ் நடித்து 'விமானம்'னு மலையாளப் படம் வந்தது. என் மாப்பிள்ளை அந்தப் படத்தைப் பல தடவை பார்த்திருக்கான். படத்தைப் பார்க்கிறவங்க கவனிக்காத ஒண்ணு இருக்கு. அந்த விமானத்தை ஓட்டிக் காட்டினவர் ஒரு ரிட்டயர்டு ஏர்ஃபோர்ஸ் அதிகாரி, நம்ம திருநெல்வேலிப் பக்கம். செய்த கை வேற, ஓட்டின கை வேற. அவ்வளவு வருஷம் பாடுபட்டவரே அப்படி விட்டுக்கொடுத்திருக்கார்.

இதைச் சொன்னதும் பையன் முகம் சுருங்கிப்போச்சு. அக்கா பின்னாலேயே நின்னு, "இதை எடைக்குப் போட்டுட்டு வரச் சொல்லுடா"ன்னாங்க. நான் அந்த ரெண்டு பேருக்கும் நடுவில். எடைக்குப் போடச் சொன்னா அவன் இடத்தை மாத்துவான், அவ்வளவுதான். ஓசூரில் எவனாவது கூட்டாளி ஷெட்டில் மறுபடி ஆரம்பிப்பான். அங்கே பார்க்க நான் இருக்க மாட்டேன். அக்காவிடம் இதைத் தனியாகச் சொன்னப்ப, "அதுக்காக நீயும் கூட நிக்கப்போறியா?"ன்னு கேட்டுட்டு உள்ளே போயிட்டாங்க.

நான் நின்னேன். ஆனா என் கணக்கில்.

இறக்கையைக் கழற்றி என் வீட்டுப் பரணில் ஏத்தியாச்சு. எலிக்காகத் தகரப் பெட்டி செய்து அதுக்குள்ளே. இன்ஜினை மட்டும் அவங்க கொட்டகைக்குப் பின்னால் கான்கிரீட் போட்டு ஒரு ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கோம், ப்ரொபெல்லரோடு. சுத்தி கயிறு கட்டி, கன்னுக்குட்டியை இடம் மாத்தி, ஓடும்போது ப்ரொபெல்லருக்கு நேரா யாரும் நிக்கக் கூடாதுன்னு தரையில் சுண்ணாம்புக் கோடு. 50 மணி நேரம் அந்த இன்ஜின் அங்கே ஓடணும். முக்கால் ஆக்ஸிலேட்டரில் அரை மணி, முழுசில் அஞ்சு நிமிஷம், ஆறவிட்டுத் திரும்ப. ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் எல்லா நட்டும் கையால் தொட்டுப் பார்க்கணும். எல்லாம் நோட்டில் ஏறணும், தேதி, நேரம், எவ்வளவு பெட்ரோல், சூடு எத்தனை, என்ன பார்த்தான், என்ன மாத்தினான். கடையில் ஒரு கோடு போட்ட நோட்டு நானே வாங்கிக் கொடுத்தேன்.

50 மணி தாண்டினா அவனை மைக்ரோலைட் கத்துக்கொடுக்கிற இடத்தில் சேர்க்க நான் பேசறேன். லைசென்ஸும், அதுக்கப்புறம் அனுமதியும், அப்புறம்தான் இறக்கை பரணிலிருந்து இறங்கும். இது அவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கு.

முதல் நாலு மணி நேரம் அவனுக்கு எரிச்சல். "இதெல்லாம் தெரிஞ்சதுதானே மாமா"ன்னான். பெட்ரோல் தகராறு அப்பவே ஆரம்பிச்சுது. இப்ப பங்கில் வர்ற பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதம் வரை. ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை உப்ப வைக்கும். ஒரு வாரம் கேனில் கிடந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊத்தி வெச்சா சில சமயம் அடியில் தனியா ஒரு அடுக்கு நிக்கும். ஸ்ப்ரேயரில் அது வந்தா கயிறை நாலு தடவை கூடுதலா இழுப்பேன், அவ்வளவுதான். குழாயெல்லாம் எத்தனால் தாங்கற வகைக்கு மாத்தினான். வாரா வாரம் புதுப் பெட்ரோல், மீந்ததை அவன் பைக்கில் ஊத்திக்கறான்.

ஒன்பதாவது மணி நேரத்தில் சைலென்சர் பிராக்கெட்டில் வெல்டிங் ஓரமா ஒரு வெடிப்பு. நான் அன்னைக்கு ராயக்கோட்டை சந்தையில் இருந்தேன். அவனாகவே பார்த்து, நிறுத்தி, போட்டோ எடுத்து அனுப்பினான். அந்த பிராக்கெட் விட்டிருந்தா சைலென்சர் பின்னால் போய் ப்ரொபெல்லரில் விழுந்திருக்கும். ஸ்டாண்டில் நின்னதால ப்ரொபெல்லர் மட்டும் போயிருக்கும். போனில் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் அவன், "மாமா, இதை நோட்டில் சிவப்பில் எழுதவா?"ன்னு கேட்டான்.

பதினோராவது மணியில் ஒரு பிளக் வெளுத்திருந்தது. கார்புரேட்டர் ரப்பர்தான், நினைச்ச மாதிரியே. இடது பக்கத்து சாக்கெட்டை வளைச்சுப் பார்த்தா உள்பக்கம் மயிரிழை. புதுசு கிடைக்க பத்து நாள் ஆச்சு, அந்தப் பத்து நாளும் இன்ஜின் சும்மா நின்னது. அவன் ஒரு வார்த்தை முணுமுணுக்கலை.

இப்ப நோட்டில் 14 மணி 20 நிமிஷம். தக்காளிக்குக் குச்சி நடற வேலை வந்துடுச்சு, ரெண்டு வாரம் இன்ஜினுக்கு லீவு. அக்கா என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசலை. வீட்டுக்குப் போனா காப்பி மட்டும் வரும், ஆள் வரமாட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை மட்டும் இன்ஜின் ஓடி நின்னதும் கொட்டகை ஓரமா வந்து அந்த நோட்டை எடுத்துப் பார்த்துட்டு, "இதில நீ எங்கே கையெழுத்துப் போட்டிருக்கே?"ன்னு கேட்டாங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் காட்டினேன். எல்லாப் பக்கத்தையும் புரட்டி எண்ணினாங்க.